பதினாலு பதினொண்ணு

அந்தக் கம்பி பிரஷ்ஷைக் கொஞ்சம் கீழ வைங்க தம்பி. எஞ்சின் எங்கேயும் ஓடிராது. இருபத்தாறு வருஷமா அந்தச் சிமெண்டு மேடையிலேயேதான் நிக்கு. காலையில பாசஞ்சர்ல வந்து இறங்கினதுல இருந்து பாக்கேன், சக்கரத்துக்கு நடுவுல குனிஞ்சி குனிஞ்சி சுரண்டிக்கிட்டே இருக்கீங்க. சட்டையெல்லாம் கருப்புப் பெயிண்டு. வாங்க, இந்த பெஞ்சுல உக்காருங்க. ஏ லூர்து, ரெண்டு டீ போடுடே. தம்பிக்குச் சீனி குறைச்சுப் போடு. என்ன தம்பி? ஏதோ சொல்லணுமா? சொல்லலாம், சொல்லலாம். முதல்ல நான் சொல்லி முடிச்சிருதேன்.

எம் பேரு ஆவுடையப்பன். அந்தா எஞ்சினுக்கு முன்னால நிக்கே போர்டு, அதுல கடைசி வரியைப் படிச்சிருப்பீங்க. 'இந்த எஞ்சின் அழியாமல் காத்த ஓட்டுநர் திரு. ஆவுடையப்பன்.' நான்தான் அது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ஸ்டேஷன்ல என்னைத்தான் கூப்பிடுவாங்க. சந்தனம் வைப்பேன், பூசணிக்காய் உடைப்பேன், ஒரு சால்வை போத்துவாங்க. வீட்டுல இருபத்தஞ்சு சால்வை கிடக்கு. எம் பொண்டாட்டி அதைத் தலகாணி உறைக்குள்ள திணிச்சி வச்சிருக்கா.

நீங்க மெட்ராஸ் ஆபீஸ்ல இருந்து வந்திருக்கீங்கன்னு ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னாரு. இந்த எஞ்சினைப் பேத்து, லாரியில ஏத்தி, ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போயி, திரும்பவும் தீ மூட்டி, மலைப்பாதையில டூரிஸ்டு வண்டியா ஓட்டப் போறீங்களாமே? உங்க ரிப்போர்ட்டுலதான் எல்லாம் இருக்காம். கேட்டதும் ராத்திரி பூரா தூக்கமில்ல. விடியவும் உக்காந்து ஒரு கடுதாசி எழுதிட்டேன். இந்தாங்க, பிடிங்க. இப்பம் பிரிக்க வேண்டாம், பையில வைங்க. அதுல என்ன இருக்குன்னு நானே வாயால சொல்லுதேன்.

ஓட்டாதீங்க தம்பி. இது அது இல்ல. போர்டுல போட்டிருக்கிற எஞ்சின் இது கிடையாது.

இருங்க, இருங்க. அதுக்குள்ள வாயைத் திறக்கீங்களே. டீயைக் குடிங்க.

ரெண்டு எஞ்சின் வந்திச்சு எங்க ஷெட்டுக்கு. ரெண்டும் கிளாஸ்கோவுல செஞ்சது. வெள்ளைக்காரன் மூட்டை கட்டின மறு வருஷம் கப்பல்ல வந்து இறங்கியிருக்கு. ஆளு போயிட்டான், எஞ்சின் வந்துட்டு. ஒரே அச்சு, ஒரே முகம், அக்கா தங்கச்சி மாதிரி. ஒண்ணு நம்பர் பதினாலு ஏழு. இன்னொண்ணு பதினாலு பதினொண்ணு. நாங்க ஏழு, பதினொண்ணுன்னே சொல்லுவோம். சரக்கு எஞ்சின். பாசஞ்சர் எஞ்சின் மாதிரி பவுடர் பூசி, மாலை போட்டு, ஆபீசர் வந்து கொடி அசைக்கிற சோலியெல்லாம் கிடையாது. கடக்கரையில இருந்து உப்பு, இங்கன இருந்து ஓடு, சிமெண்டு, மலைக்கு மேல கொண்டுபோய்த் தள்ளணும். இறங்குறப்போ மரம், ரப்பர். ஆனைவாரி ஏத்தம்னு ஒண்ணு இருக்கு, ஆறு மைல். அதுல உப்பு வண்டியை நிப்பாட்டாம ஏத்திட்டா அவன் டிரைவர். நிப்பாட்டினா அவனும் டிரைவர்தான், ஆனா ஷெட்டுல எல்லாவனும் சிரிப்பான்.

பதினொண்ணு எனக்கு. எங்க ஷெட்டுல அப்படித்தான், ஒரு எஞ்சினுக்கு ஒரு டிரைவர், கரி போட ஒரு ஃபயர்மேன். என் ஃபயர்மேன் மைதீன் பிச்சை. பேட்டைக்காரன். ஒம்போது வருஷம் எங்கூட ஓடினான். பேச்சே வராது அவனுக்கு. நாலு வார்த்தை பேசணும்னா நாப்பது நேரம் எச்சில் முழுங்குவான். நான் பேசுவேன், அவன் கேப்பான், அதனால ஒத்துப் போச்சு.

அந்தப் பதினொண்ணு இருக்காளே, என்னன்னு சொல்ல! ஒரு நாளும் ஆனைவாரியில நின்னது கிடையாது. ஒம்போது வருஷத்துல ஒரு நாள் கிடையாது. பிரஷர் முள்ளு அப்படியே ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். அதுக்குக் காரணம் என்னன்னு நினைக்கீங்க? காதுதான். டிரைவர்னா கையின்னு நினைப்பாங்க, கண்ணுன்னு நினைப்பாங்க. இல்ல. காது. எஞ்சின் நம்மகிட்டப் பேசும், காது குடுத்துக் கேக்கணும். அது எனக்குப் பிறவியிலேயே வந்தது. வீட்டுல எம் பொண்டாட்டி, "உங்க காதுக்கும் சேத்து வாயே வேலை பாக்கு"ம்பா. அவளுக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்.

மைதீனா? அவன் கரி போட்டான், வேற என்ன. அதுவும் ஒழுங்காப் போட மாட்டான். கொஞ்சம் அள்ளுவான், கோலப்பொடி தூவுற மாதிரி ஒரு மூலையில தூவுவான், கதவைச் சாத்துவான். திரும்பத் திறப்பான், அடுத்த மூலையில தூவுவான். "ஏம்ல, கையில தெம்பு இல்லையா, அள்ளிக் கொட்டேன்"ம்பேன். "சரி அண்ணாச்சி"ம்பான். திரும்ப அப்படியேதான் செய்வான். சோம்பேறின்னு நினைச்சிக்கிடுவேன். எஞ்சின் நல்ல எஞ்சின், அதனால தாங்கிச்சு.

இன்னொரு கிறுக்கும் உண்டு அவனுக்கு. திருகு முடுக்குனா, அதோட தலையில திருப்புளி வைக்க ஒரு வெட்டு இருக்கும் பாருங்க, அந்த வெட்டெல்லாம் ஒரே பக்கமா படுக்கை வசத்துல நிக்கணும். நாலு திருகுன்னா நாலும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையளை வரிசையில நிறுத்துற மாதிரி நிறுத்துவான். "எதுக்குல இந்த மெனக்கேடு"ன்னு கேட்டா, "ஒண்ணு இளகினா பாத்ததும் தெரியும் அண்ணாச்சி"ம்பான். ஷெட்டுல அவன் ஒருத்தன்தான் அப்படி. நான் அவனை வச்சி எத்தனை நாள் எல்லாரையும் சிரிக்க வச்சிருக்கேன்.

பதினொண்ணு ஒர்க்‌ஷாப்புக்குப் போற மாசமெல்லாம் எனக்கு அந்த ஏழைக் குடுப்பாங்க. மூதேவி! அதுல ஃபயர்மேன் யாருங்கீங்க, எம் மச்சினன் குத்தாலிங்கம். எம் பொண்டாட்டி கூடப் பிறந்தவன். நல்ல உழைப்பாளி. மைதீன் மாதிரி தூவுற சோலியே கிடையாது. அடுப்புக் கதவைத் திறந்தான்னா மலை மாதிரி குமிச்சி வச்சிட்டுத்தான் மூடுவான். பெறவு உக்காந்து பீடி குடிப்பான். அப்படிக் கரி போட்டும் பாதி ஏத்தத்துல முள்ளு கீழ இறங்கும். நின்னு, அரை மணி நேரம் ஆவி சேத்து, திரும்பக் கிளம்பணும். புகை கருகருன்னு ஊரெல்லாம் போகும், வண்டி போகாது. அவ்வளவு கரியைத் தின்னுட்டு ஆவி தரலைன்னா குத்தம் எஞ்சின்மேலதானே தம்பி? வேற யாருமேல?

ஒரு தடவை குத்தாலிங்கத்துக்குக் காய்ச்சல்னு மைதீன் ஏழுல வந்தான். அன்னைக்கி நிக்காம ஏறிட்டு. எனக்கே ஆச்சரியம். அன்னைக்கி வந்தது நல்ல கரி.

சரி, விஷயத்துக்கு வாரேன். டீசல் வந்திச்சு. ஒண்ணொண்ணா நீராவி எஞ்சினையெல்லாம் ஓரங்கட்டி, வெட்டி இரும்புக்குப் போட்டாங்க. கடைசியில இது ரெண்டும்தான் மிச்சம். ஒண்ணை ஸ்டேஷன் வாசல்ல காட்சிக்கு வைக்கப் போறாங்க, ஒண்ணை வெட்டப் போறாங்கன்னு பேச்சு வந்திச்சு. நான் விடுவேனா? பெரிய ஆபீஸுக்கு மனு எழுதினேன். மூணு மனு. ஒவ்வொண்ணும் பன்னெண்டு பக்கம். பதினொண்ணு எத்தனை டன் உப்பு இழுத்தா, எந்த வருஷ வெள்ளத்துல பாலத்துக்கு இந்தப் பக்கம் தனியா நின்னு சரக்கு எடுத்தா, ஒரு நாளாவது நின்னாளான்னு எல்லாம் எழுதி, கடைசியில, 'இவளை வெட்டுவது தாயை வெட்டுவதற்குச் சமம்'னு முடிச்சேன். பதில் வரலை.

ஃபோர்மேன் கோயில்பிள்ளை ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாரு. ஆர்டர் வந்துட்டு, ஏழுக்குப் பாய்லர் புதுசு, அதனால ஏழை வைக்கோம், பதினொண்ணு வெட்டுக்குப் போகுதுன்னு. அந்த மூதேவிக்கு மாலை, எம் பதினொண்ணுக்கு வெட்டா?

யோசிச்சேன். ஒரே முகம் ரெண்டுக்கும். வித்தியாசம் என்ன? நம்பர் தகடு. டிரைவர் நிக்கிற கூண்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரு பித்தளைத் தகடு, தகட்டுக்கு நாலு திருகு. முன்னால கட்டையில பெயிண்டுல ஒரு நம்பர். அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை மத்தியானம், எல்லாவனும் சாப்பிடப் போயிருக்கான். மைதீனைக் கூப்பிட்டேன். அவன் வாயைத் திறந்தான். "பிடில திருப்புளியை"ன்னேன். பிடிச்சான்.

முக்கா மணி நேரம். இதுல இருந்ததை அதுல, அதுல இருந்ததை இதுல. முடுக்கினது பூரா நான்தான், அவன் எடுத்துக் குடுத்தான், அவ்வளவுதான். அவன்கிட்ட விட்டா வெட்டை வரிசைப்படுத்துறதுக்குள்ள ஊரு கூடிரும். வலப்பக்கத் தகட்டுல ஒரு ஓட்டை மட்டும் பொருந்தலை. பதினொண்ணு தகட்டை ஏழு மேல வச்சா ஒரு அரை அங்குலம் தள்ளி நிக்கு. மூணு திருகை முடுக்கிட்டு நாலாவதுக்குச் செம்புக் கம்பியை விட்டு முறுக்கிட்டேன். பெயிண்டு நம்பரையும் மாத்தி எழுதியாச்சு. எம் பதினொண்ணு ஏழுன்னு பேரு வச்சிக்கிட்டு ஜம்முனு நிக்கா. மூதேவி பதினொண்ணுன்னு பேரு வச்சிக்கிட்டு வெட்டுக்குக் காத்துக்கிட்டு நிக்கு. உலகத்துல எனக்கும் மைதீனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. வெளியே தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிரும், பென்ஷன் போயிரும். சத்தியம் வாங்கிக்கிட்டேன் அவன்கிட்ட. நாலு பேரு இருக்கிற இடத்துல இதைப் பத்தி மூச்சு விடக்கூடாதுன்னு.

என்ன தம்பி நெளியுதீங்க? டீ ஆறிப் போச்சா? இன்னும் கொஞ்சம்தான்.

மறு நாளு எனக்குக் குடல் இறக்கம், ஆஸ்பத்திரியில படுக்க வேண்டியதாப் போச்சு. ஆபரேஷன். நிம்மதியாப் போய்ப் படுத்தேன். எஞ்சினைக் காப்பாத்திட்டோமே. அஞ்சாவது நாளு மைதீன் வாரான். கையில ரொட்டியும் ஹார்லிக்ஸும். மூஞ்சி வேர்த்துக் கிடக்கு, சைக்கிள்லயே மிதிச்சி வந்திருக்கான். "அண்ணாச்சி, எஞ்சின் விஷயமா ஒரு வார்த்தை..."ங்கான். பக்கத்துல யாரு உக்காந்திருக்கா? குத்தாலிங்கம்! அவன் காதுல ஒரு விஷயம் விழுந்தா தண்டோரா போடவே வேண்டாம். எனக்குத் தையல் பிரிஞ்சிரும் போல இருக்கு. "எஞ்சினும் வேண்டாம், கிஞ்சினும் வேண்டாம், நீ போல"ன்னேன். "இல்ல அண்ணாச்சி, அவசரம்"ங்கான். "எல்லாம் எனக்குத் தெரியும், போலங்கேன்!" ரொட்டியை வச்சிட்டு வாசல் வரைக்கும் போனான். திரும்பிப் பாத்தான். நான் சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். நாலு பேரு முன்னால வாயை விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினவன்லா நான்.

இருபது நாளு கழிச்சி ஷெட்டுக்குப் போறேன். உள்ள நுழையும்போதே ஃபோர்மேன் ஓடி வந்து கையைப் பிடிச்சிக்கிட்டாரு. "ஆவுடையப்பன், நீரு ஜெயிச்சிட்டீரு வே! உம்ம மனுவைப் பெரிய ஆபீசர் படிச்சிட்டு ஆர்டரையே மாத்திட்டாரு. பதினொண்ணைத்தான் வைக்கணும்னுட்டாரு. ஏழை முந்தாநாளு வெட்டியாச்சு."

கேட்டீங்களா? புரியுதா தம்பி உங்களுக்கு? பிள்ளையார் பிடிக்கப் போயி குரங்கா முடிஞ்ச கதை. நான் எழுதின மனு, நான் மாத்தின தகடு. ஏழுன்னு தகடு மாட்டி நின்ன எம் பதினொண்ணை வெட்டிட்டாங்க. அங்கன துண்டு துண்டா இரும்பு கிடக்கு, பக்கத்துல ஏழுன்னு தகடு கிடக்கு. இந்தப் பக்கம், பதினொண்ணுன்னு தகடு மாட்டிக்கிட்டு, புதுப் பெயிண்டு அடிச்சி, மாலை போட்டு நிக்கு மூதேவி. எங்கண்ணுல இருந்து பொலபொலன்னு தண்ணி. ஆனந்தக் கண்ணீர்னு நினைச்சி ஃபோர்மேன் சால்வை போத்திட்டாரு. அதான் முதல் சால்வை.

அப்போதான் மைதீன் வந்தான். எப்படி வாரான்ங்கீங்க? சிரிச்சிக்கிட்டு வாரான் தம்பி! ஒம்போது வருஷத்துல அவன் பல்லை நான் பாத்ததில்ல. எம் பதினொண்ணு துண்டாக் கிடக்கா, இவன் பல்லு பூராத்தையும் காட்டிக்கிட்டு, "அண்ணாச்சி, அண்ணாச்சி"ன்னு கையை விரிச்சிக்கிட்டு ஓடி வாரான். ஓங்கி ஒண்ணு விட்டேன் கன்னத்துல. ஷெட்டே பாத்திச்சு. தொப்பி கீழ விழுந்துட்டு. சுத்தி இருபது பேரு நிக்காங்க, என்னத்தைச் சொல்லுவான். தொப்பியை எடுத்துத் தட்டினான், போயிட்டான். "எம் முகத்துல முழிக்காத"ன்னு பின்னாலயே கத்தினேன்.

ஆர்டர் மாறினது அவனுக்கு அஞ்சாம் நாளே தெரிஞ்சிருக்கு. ஃபோர்மேன் சொன்னாரு, மைதீன்தான் அவரு மேசைக்குக் கரிக் கணக்கு குடுக்கப் போனப்போ அந்த ஆர்டரைப் பாத்தானாம். தெரிஞ்சும் வெட்ட விட்டுட்டு சும்மா இருந்திருக்கான் பாருங்க. அதை என்னால மன்னிக்க முடியலை. ரெண்டு தடவை வீட்டுக்கு வந்தான், கதவைச் சாத்தினேன். ஒரு கடுதாசி எழுதினான். பிரிக்காமலே அடுப்புல போட்டேன். மன்னிப்புக் கேட்டு எழுதியிருப்பான், வேற என்ன. எனக்கு டீசல் குடுத்தாங்க, அவனும் வேற ஷெட்டுக்குப் போனான். ஒரே ஊரு. இருபத்து நாலு வருஷம் ஒரு வார்த்தை பேசலை.

ஒண்ணு சொல்லணும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை, பள்ளியில தொழுகை முடிஞ்சதும் நேரே இங்கன வருவான். கையில எண்ணெய் கேன், ஒரு பிடி பஞ்சு வேஸ்ட்டு. அந்தச் சக்கரத்துல மாட்டியிருக்கிற நீள ராடு, அதைத் தொடைப்பான். எண்ணெய் போடுவான். நான் இந்த பெஞ்சுல உக்காந்து லூர்துகிட்டச் சொல்லுவேன், "பாருடே, மூதேவிக்குப் பூசை நடக்கு"ன்னு. ஒரு நாளு என்னைப் பாத்துக் கையைக் காட்டி, வாங்க வாங்கன்னு கூப்பிட்டான். ராடைக் காட்டிக் காட்டிக் கூப்பிட்டான். நான் பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சிக்கிட்டேன். போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசியில மவுத்தாயிட்டான். நான் வீட்டுக்குள்ள போகலை. தெருமுனையில நின்னுட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் இந்த ரெண்டு வருஷத்துல எவனோ ஆபீசர் சொன்னான்னு ராடுக்கும் சேத்து அடிச்சிட்டானுவ கருப்புப் பெயிண்டு. அதைத்தான் நீங்க இப்பம் சுரண்டுதீங்க.

அதான் தம்பி, கடுதாசியில எல்லாத்தையும் எழுதிட்டேன். இது பதினாலு ஏழு. இதைத் திரும்ப ஓட்ட லாயக்கில்ல. என் பென்ஷனை நிறுத்தினாலும் நிறுத்திக்கிடட்டும், எம்பது வயசுல எனக்கு என்ன. எம் பதினொண்ணு பேருல இந்தச் சவம் ஊரு ஊரா கூவிக்கிட்டுப் போகக்கூடாது. நீங்களே பாருங்களேன், இடப்பக்கமா சாஞ்சி நிக்கு. அப்பவே அப்படித்தான் கோணும். பதினொண்ணு எப்படி நிப்பா தெரியுமா? கண்ணைக் கட்டி விட்டாலும் எம் பதினொண்ணை நான் கண்டுபிடிச்சிருவேன்.

சரி. முடிஞ்சிட்டு. இப்பம் சொல்லுங்க. காலையில இருந்து என்னமோ சொல்ல வந்தீங்களே.

என்னது? மேடை ஒரு பக்கம் மண்ணுல இறங்கியிருக்கா? அதனாலதான் சாய்வா? சரி, அது கிடக்கட்டும். ராடுல நம்பரா? ஆமா, கிளாஸ்கோவுல செய்யும்போதே ஒவ்வொரு உருப்படிலயும் நம்பர் குத்துவான். என்ன நம்பர்? பதினாலு பதினொண்ணா? போங்க தம்பி. ஒர்க்‌ஷாப்புக்குப் போனா ராடு இதுல இருந்து அதுக்கு மாறும், அதெல்லாம் ஒரு ஆதாரமா? அந்தப் பக்கத்து ராடுமா? ரெண்டும் மாறும். சிலிண்டர்லயுமா?

ஃபிரேம்லயா?

ஃபிரேம் மாறாதே தம்பி. ஃபிரேம் மாறினா எஞ்சினே வேறல்லா. சரியாப் பாத்தீங்களா? ஏழை ஒண்ணுன்னு படிச்சிருப்பீங்க. போட்டோவா, காட்டுங்க. கண்ணு எனக்கு நல்லாத் தெரியும், ரெண்டு கண்ணும் ஆபரேஷன் பண்ணியாச்சு... ஒண்ணு, நாலு, ஒண்ணு, ஒண்ணு.

கையைப் பிடிங்க. எந்திரிக்கணும். அந்த வலப்பக்கத் தகட்டுக்கிட்டக் கொண்டு போங்க என்னை. நான் முறுக்கின செம்புக் கம்பி அங்கன இருக்கும். இருக்கணும். எங்கையால முறுக்கினது. இத்தனை வருஷத்துல நான் ஏன் பாக்கலையா? எங்கையால மாத்தினதை எதுக்குப் பாக்கணும்? பூசணிக்காய் உடைக்க முன்னால வருவேன், அப்படியே போயிருவேன். இந்த மூஞ்சியைப் பக்கத்துல பாக்கப் பிடிக்காது எனக்கு.

அந்தப் படியில ஏத்தி விடுங்க. விழ மாட்டேன், பிடிச்சிக்கிடுங்க.

கம்பி இல்லையே. நாலு தலை இருக்கு. நாலும் திருகு. பெயிண்டு மூடியிருக்கு. இருங்க, வீட்டுச் சாவியால சுரண்டுதேன். ஒண்ணு... வெட்டு படுக்கை வசம். ரெண்டு... இதுவும் படுக்கை வசம்.

தம்பி, மிச்சம் ரெண்டையும் நீங்க பாத்துச் சொல்லுங்க. இந்தாங்க சாவி.

நாலுமா? ஒரே வரிசையா?

ஒண்ணு கூட இளகலையா.

அட பாவி. அட பாவி மைதீனு. ஆஸ்பத்திரியில இருந்து நேரே ஷெட்டுக்குப் போயிருக்கான். தனியா. ஒத்தை ஆளா நாலு தகட்டையும் கழத்தி, திரும்ப மாட்டி, பெயிண்டு நம்பரையும் எழுதி, அந்த அவசரத்துலயும் வெட்டை வரிசைப்படுத்திட்டு வந்திருக்கான். பிடிபட்டிருந்தா மூணு பிள்ளைகளோட தெருவுல நின்னிருப்பான். எனக்காக. அதைச் சொல்லத்தான் சிரிச்சிக்கிட்டு ஓடி வந்திருக்கான். நான் அந்தச் சிரிப்பை அடிச்சேன் தம்பி. அந்தச் சிரிப்பைத்தான் அடிச்சேன்.

ஏம்ல எங்கிட்டச் சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? இருபத்து நாலு வருஷம் இருந்திச்சே, ஒரு வார்த்தை...

என்ன தம்பி அப்படிப் பாக்கீங்க?

ம். நீங்களும் காலையில இருந்து சொல்லத்தான் வந்தீங்க.

இறக்கி விடுங்க. அந்தக் கடுதாசியைக் குடுங்க இப்படி. அது பூராவும் பொய். ரிப்போர்ட்டுல இது பதினாலு பதினொண்ணுன்னு எழுதுங்க. அந்தப் போர்டுல கடைசி வரியை அழிச்சிட்டு மைதீன் பிச்சைன்னு எழுதச் சொல்லுங்க. தீ மூட்டுறப்போ எவனையும் கரியை மலையாக் குமிக்க விடாதீங்க, இவளுக்கு ஆகாது. கொஞ்சம் கொஞ்சமா, மூலை மூலையா தூவணும்.

வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன். உங்க பையில பஞ்சு வேஸ்ட்டு இருக்குல்லா, அதை ஒரு பிடி குடுங்க. எண்ணெயும் கொஞ்சம். இன்னைக்கி வெள்ளிக்கிழமை.